சீட் கழுவ நுரையா, உறிஞ்சும் மெஷினா?

குற்றாலச் சீசன் முடிந்தால் துணி சீட் உள்ள கார்கள் எல்லாம் ஒரே மணம்தான். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, ஈரத் துண்டோடு ஏறி உட்கார்ந்தால் வேறென்ன வரும்? எங்கள் காரின் பின் சீட்டுக்கும் அதே கதி. கழுவ மூன்று வழி இருந்தது: வாட்டர் வாஷ் கடையில் நுரை போட்டுத் தேய்ப்பது, தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் மெஷின், அப்புறம் நீராவி. நான் உறிஞ்சும் மெஷின் கட்சி.

நுரை வேலை மலிவு. அலைச்சல் இல்லை. சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது சீட் பளிச்சென்றுதான் இருக்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் கவலை காய்வதைப் பற்றி. சீட் துணிக்கு அடியில் இருப்பது தடித்த ஃபோம். பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கத் தேய்க்க நுரை அதற்குள் இறங்குகிறது. துணியால் ஒற்றினால் மேலாக நிற்பது மட்டும்தான் வரும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் நாலு கதவையும் திறந்து போட்டால் எப்படிக் கழுவினாலும் காய்ந்துவிடும். ஆனால் சீட் அழுக்காவது ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும்தானே? தென்காசிப் பக்கம் சாரல் நாளில் கொடியில் போட்ட வேட்டியே காயாது. ஃபோம் எங்கே காயும்? “ரெண்டு நாள் கண்ணாடிய இறக்கி விடுங்க அண்ணாச்சி, சரியாயிரும்” என்பார்கள். வானம் மூடிக் கிடக்கையில் கண்ணாடியை இறக்கினால் உள்ளே வருவதும் ஈரக்காற்றுதான். ஃபோம் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஏசி போட்டதும் நனைந்த சாக்கு வாடை அடிக்கும்.

இன்னொன்று, ஈரம் காயும்போது மேல்நோக்கித்தான் வரும். அடியில் கரைந்து நின்ற அழுக்கையும் கூடவே கொண்டுவந்து துணியில் விட்டுவிடும். போன கறை வட்டமாகத் திரும்பி வருவது இதனால்தான். உப்புத்தண்ணி போர் என்றால் ஓரத்தில் வெள்ளைக் கோடும் சேரும். அலசாமல் விட்ட சோப்பு பிசுபிசுவென்று இருந்து புதுத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உறிஞ்சும் மெஷினில் இந்தத் தொல்லை குறைவு. அதன் மூக்கு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே ஓடும் தண்ணீர் தெரியும். முதல் இழுப்பில் கடுங்காப்பி நிறம். ஷாம்பூவுக்குப் பிறகு வெறும் தண்ணீர் பீய்ச்சி, தெளிவாக வரும்வரை இழுக்கலாம். கடைசியில் பீய்ச்சுவதை நிறுத்திவிட்டு, மெதுவாக, வெறும் உறிஞ்சல் மட்டும். பிறகு வெள்ளைத் துண்டை விரித்து முழங்காலால் அழுத்திப் பார்ப்பேன். துண்டு நனைந்தால் இன்னொரு இழுப்பு.

குறையும் உண்டு. சின்ன மெஷின்களில் இழுவை போதாது. தையல் இடுக்கில் மூக்கு நுழையாது. விலையும் ஒரு வீட்டுக்கு அதிகம்தான். நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கினோம். ஈரமும் இழுக்கும் வேக்குவம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஸ்பிரே பாட்டிலை வைத்தே ஒப்பேற்றலாம். தூசி மட்டும் இழுக்கும் சாதா வேக்குவத்தை ஈரத்தில் வைத்துவிடாதீர்கள்.

நீராவியை நான் கதவுத் துணியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குறைவு, சூட்டில் கிருமி சாகும். ஆனால் இளகிய அழுக்கைத் துணியால் துடைத்து எடுப்பது நம் கைவேலை. கூரைத் துணியில் மட்டும் வேண்டாம்; பசை விட்டுத் தொங்கிவிடும்.

எந்த முறையானாலும் முதலில் மணலை உறிஞ்சிவிடுங்கள். திசையன்விளைத் தேரி மண் நனைந்தால் சேறுதான். அல்வா நெய்க்குப் பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு சொட்டு போதும். பால், வாந்திக்கு வெந்நீர் ஆகாது; சூட்டில் புரதம் துணியோடு இறுகிவிடும். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அந்தப் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. கடையில் ஹோஸைக் கையில் எடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கார்த்திகையில் கழுவியே ஆக வேண்டும் என்றால் பின் சீட்டின் அடிப்பாகத்தை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். பல கார்களில் முன் விளிம்பைத் தூக்கி இழுத்தால் கிளிப் விட்டுவிடும். திண்ணையில் நிமிர்த்தி வைத்து, முன்னும் பின்னும் டேபிள் ஃபேனைத் திருப்பித் திருப்பி வையுங்கள்.