மூன்று நாள் கையில் இருந்தால்: போகோட்டாவா, கீட்டோவா?

தென் அமெரிக்காவில் ஏதாவது ஒரு தலைநகரை மட்டும் சட்டென்று பார்த்துவிட்டு வரலாம் என்று அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் யோசித்தால், கொலம்பியாவின் போகோட்டா, ஈக்வடாரின் கீட்டோ என்ற இரண்டு ஊர்களையும் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். மயாமியிலிருந்து இரண்டுக்கும் சுமார் நான்கு மணி நேரப் பறப்புதான். இரண்டு ஊரிலும் தங்கியிருக்கிறேன். வார இறுதியை ஒட்டிய மூன்று நாள் என்றால் என் வோட்டு போகோட்டாவுக்கு.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே ஆண்டிஸ் மலைமேல் இருக்கின்றன. போகோட்டா சுமார் 2,600 மீட்டர், கீட்டோ சுமார் 2,850 மீட்டர். முதல் நாள் மூச்சு வாங்கும், இரவுத் தூக்கம் கலையும். தண்ணீர் நிறையக் குடித்து மெதுவாக நடந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சமாளிக்க முடிகிறது. இதய, நுரையீரல் தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள். வருடம் முழுக்க ஸ்வெட்டர் வேண்டும். இருட்டிய பிறகு பழைய நகரில் நடக்காமல் கார் பிடித்துக்கொள்வது இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

அழகில் கீட்டோதான் மேலே. யுனெஸ்கோ 1978இல் உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே இடம்பிடித்த பழைய நகரம் அது. லா கொம்பஞ்ஞியா தேவாலயத்துக்குள் நுழைந்தால் தூண், கூரை, பீடம் என்று கண் போகும் இடமெல்லாம் தங்கத் தகடு. போகோட்டாவின் பழைய பகுதியான கான்டெலாரியா இதன் பக்கத்தில் நிற்காது. கீட்டோவில் அமெரிக்க டாலரே நாணயம் என்பதால் பணம் மாற்றும் வேலையும் இல்லை.

அப்புறம் ஏன் போகோட்டா? காரணம் கிழமை. குறுகிய பயணத்தில் எத்தனை நாள் என்பதைவிட எந்தெந்த நாள் என்பதுதான் முக்கியம். போகோட்டா ஞாயிற்றுக்கிழமைக்கென்றே அமைந்த ஊர்.

ஞாயிறு காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட முக்கியச் சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். சிக்லோவியா என்று பெயர். 1974இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது. மற்ற நாட்களில் பஸ்களின் புகையும் ஹாரனுமாக இருக்கும் ‘செப்திமா’ என்ற ஏழாவது சாலையில் அன்று சைக்கிள், ஸ்கேட்டிங், குழந்தை வண்டி, நாய்கள், நடக்கும் தாத்தா பாட்டிகள்தான். வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து, பழைய நகரிலிருந்து கிழக்கு மலைகளை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே மிதித்தால் உசாக்கேன் பக்கம் போய்ச் சேரலாம். அங்கே ஞாயிறன்று கைவினைச் சந்தை கூடும். பாதை பெரும்பாலும் சமதளம். வழியில் பச்சை மாங்காயை நீளநீளமாகச் சீவி, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு டம்ளரில் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு நடைபாதை ஓரம் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே ஊர் பிடிபட்டுவிடும். கீட்டோவிலும் ஞாயிறன்று சைக்கிள்களுக்குச் சாலை விடுகிறார்கள். ஆனால் அந்த ஊரின் மேடு பள்ளமும் கூடுதல் உயரமும் புதிதாக வந்த நுரையீரலை வாட்டிவிடும்.

வெள்ளி இரவு இறங்கினால் சனிக்கிழமையைத் தங்க அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். ஞாயிறன்று நுழைவு இலவசம், அதனாலேயே கூட்டம் அதிகம். திங்கள் மூடியிருக்கும். முயிஸ்கா என்ற பழங்குடி மக்களின் தங்கத் தெப்பம் ஒன்று அங்கே உண்டு, நீளம் இருபது சென்டிமீட்டர்கூட இருக்காது. நடுவில் பெரிதாகத் தலைவன், சுற்றிலும் சின்னச் சின்ன உருவங்கள். கண்ணாடிக்கு அருகில் குனிந்தால் ஒவ்வொன்றின் அணிகலனும் தனித்தனியே தெரியும். உடம்பெல்லாம் தங்கப் பொடி பூசிய தலைவனைப் பற்றிய எல் டொராடோ கதையோடு சேர்த்துப் பேசப்படுவது இந்தத் தெப்பம்தான்.

மொன்செராத்தே மலையைத் திங்கள் காலைக்கு வையுங்கள். உச்சியில் தேவாலயம், ஏறுவதற்குப் படிப்பாதை, வின்ச், ரோப் கார் மூன்றும் இருப்பதால் பழனி ஞாபகம் வந்தே தீரும். ஞாயிறன்று வேண்டுதலோடு வரும் கூட்டம் ஏராளம். உயரம் 3,152 மீட்டர் என்பதால், உடம்பு கொஞ்சம் பழகிய மூன்றாம் நாளே சரி. இறங்கி வந்து, கொலம்பிய ஓவியர் பொத்தேரோவின் பெயரிலுள்ள அருங்காட்சியகம் போகலாம். திங்களும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. எல் டொராடோ விமான நிலையமும் நகரின் மேற்கு விளிம்பிலேயே இருக்கிறது. கீட்டோவின் விமான நிலையம் 2013இல் ஊருக்கு வெகு வெளியே மாறிவிட்டதால், போக வர நேரம் கரைகிறது.

கீட்டோவின் சிறப்பு நாள் சனிக்கிழமை. ஆனால் அது ஒத்தவாலோ என்ற வெளியூரின் சந்தைக்காக. ஒருவழிக்கே சுமார் இரண்டு மணி நேரம், மூன்று நாளில் ஒன்று ஊருக்கு வெளியே போய்விடும்.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கீட்டோ சுலபம். உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, அவகாடோ சேர்ந்த லொக்ரோ சூப் கிடைக்கும். குழம்புத் தண்ணீர் எதில் வைத்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். போகோட்டாவின் அஹியாக்கோ சூப்போ கோழிச் சாற்றிலேயே கொதிப்பது, துண்டுகளை எடுத்துவிட்டாலும் சைவமாகாது. கீட்டோவில் நான் தங்கியது பழைய நகரில் மட்டும், அதனால் வடக்குப் பகுதி விடுதிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

உங்களுக்கு லீவு கிடைப்பது செவ்வாய் முதல் வியாழன் வரை என்றால் கணக்கே மாறும். சிக்லோவியா இருக்காது, பொத்தேரோ அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும், போகோட்டாவின் வாரநாள் டிராஃபிக்கில் பாதி நாள் காரிலேயே போகும். கீட்டோவில் 2023 கடைசியில் திறந்த மெட்ரோ பழைய நகரின் சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. அப்போது தயங்காமல் கீட்டோவுக்கு டிக்கெட் போடுங்கள்.