காசு கட்டிப் புத்தகம் போடும் பேக்கேஜ்: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் எழுதுகிறவர்களின் வாட்ஸ்அப்புக்கு அடிக்கடி வரும் விளம்பரம் இது. கையெழுத்துப் பிரதியை அனுப்பிப் பணத்தைக் கட்டினால் சீக்கிரமே புத்தகம் கைக்கு வந்துவிடும். வடிவமைப்பு, அட்டை, ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண், அமேசான் விற்பனை, கொஞ்சம் ஆசிரியர் பிரதிகள், கூடவே ஒரு சான்றிதழ். உருப்படி உருப்படியாகப் பிரித்துப் பார்த்தால் இதில் சிலவற்றுக்குக் காசு கொடுப்பது நியாயம், சிலவற்றுக்குக் கொடுக்கவே வேண்டாம். மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது), வடிவமைப்பு, அட்டை, அச்சு ஆகிய உழைப்புக்குத் தாராளமாகக் கொடுங்கள். ‘பதிப்பாளர்’ என்று பேர் போட்டுக்கொள்வதற்கு ஒருவருக்குக் காசு தராதீர்கள். செலவு உங்களுடையது என்றால் பதிப்பாளரும் நீங்கள்தான்.

முதலில் ஐஎஸ்பிஎன். பேக்கேஜில் இதை ஒரு பெரிய உருப்படியாகக் காட்டுவார்கள். இந்தியாவில் இது இலவசம். கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதைத் தருகிறது. தனி எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நூலின் தலைப்புப் பக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எண் கைக்கு வரச் சில வாரம் ஆகலாம், அதனால் மெய்ப்பு நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. அந்த 13 இலக்க எண்ணுக்குள் பதிப்பாளருக்கான பகுதி ஒன்று இருக்கிறது. பேக்கேஜ்காரர் தன் கணக்கில் வாங்கிய எண்ணைப் போட்டால், உங்கள் பணத்தில் வந்த நூலுக்கு அவர்தான் பதிப்பாளர் என்று பதிவாகும். நாளைக்கு வேறு இடத்தில் மறுபதிப்புப் போட்டால் புது எண் வாங்க வேண்டியிருக்கும். ஐஎஸ்பிஎன் வாங்கினால் பதிப்புரிமை கிடைத்துவிடும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள், அது தவறு. எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையது, உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும்.

மெய்ப்புதான் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம், பெரும்பாலான பேக்கேஜ்கள் கைவிடுகிற இடமும் அதுதான். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றினால் பிழை கூட்டமாக வரும். துணைக்கால் ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ நிற்கும், ‘ஔவை’ ‘ஒளவை’ ஆகிவிடும், மேற்கோள்குறிகள் வேறு எழுத்துகளாகத் திரியும். திரையில் படித்தால் கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும். தாளில் எடுத்து இரண்டு முறை, திருத்தங்கள் ஏறிய பிறகு மூன்றாம் முறை என்று பாருங்கள். மூன்றாம் முறையில் திருத்திய வரியோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் படிக்க வேண்டும், ஒன்றைத் திருத்தும்போது பக்கத்தில் இன்னொன்று உடைவது வழக்கம்.

இந்தப் பக்கத்து எழுத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வத்தை, வல்லம் என்ற படகுப் பெயர்களும் கச்சான், கொண்டல், சோழகம் என்ற காற்றுப் பெயர்களும் கடலறியாத மெய்ப்பாளர் கையில் ‘திருத்தம்’ ஆகிவிடும். வட்டாரச் சொற்களை ஒரு தாளில் பட்டியலிட்டு, ‘இவற்றைத் தொட வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேக்கேஜில் ‘எடிட்டிங்’ என்று இருந்தால், பத்துப் பக்கத்தை மாதிரிக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள். வெறும் எழுத்துப்பிழைதான் பார்த்திருக்கிறார்களா, வாக்கியத்தையும் பார்த்தார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அச்சுக்கு வருவோம். டெம்மி அளவுப் புத்தகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் ஒரு தொகுதி. 165 பக்கம் வந்தால் 11 ஃபாரம், அதாவது 176 பக்கத்துக்கான தாள் ஓடும். வரி இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கி 160-க்குள் கொண்டுவந்தால் ஒரு ஃபாரம் மிச்சம். இருநூறு, முந்நூறு பிரதி வரை டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். ஐந்நூறைத் தாண்டினால் ஆஃப்செட்டில் பிரதிக்கு ஆகும் செலவு இறங்கும். உள்ளே 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) மேப்லித்தோ தாள், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு போதும்.

கடற்கரையில் வைத்துப் புழங்கும் புத்தகத்துக்கு இது மட்டும் போதாது. தாளின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்கிறதா என்று அச்சகத்தில் கேளுங்கள். குறுக்கே ஓடினால் ஈரக்காற்றில் பக்கங்கள் அலை அலையாக நெளியும், பசை பிடித்த முதுகு விட்டுப்போகும். அட்டையில் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டிருப்பதால், உள்பக்கம் ஈரத்தை இழுத்து விரிய, அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். மெல்லிய அட்டை போட்டால் இது இன்னும் மோசம். பக்கம் அதிகமான நூலுக்கு வெறும் பசை பைண்டிங் வேண்டாம், ஃபாரம் தைத்துப் பசை போடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பார்சல் வருவதானால் பத்துப் பத்தாக ஷ்ரிங்க் கவர் கட்டாயம். வந்த பெட்டிகளைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள், இல்லாவிட்டால் பூஞ்சையும் கரையானும் விடாது. சிவகாசியும் மதுரையும் எட்டும் தூரத்தில் இருக்கும்போது, அச்சகத்துக்கு நேரில் போய் மாதிரிப் புத்தகத்தை விரித்து மடக்கிப் பார்க்காமல் தொலைபேசியிலேயே முடிவு செய்வது சரியல்ல.

‘நூறு சதவீத ராயல்டி’ என்று ஒரு வாசகம் எல்லா விளம்பரத்திலும் இருக்கும். உதாரணத்துக்கு விலை 200 ரூபாய், கடைக் கழிவு 35 சதவீதம் என்று வையுங்கள். 130 மிஞ்சும். அச்சும் கட்டும் 80 என்றால் மீதி 50. நூறு சதவீதம் என்பது பெரும்பாலும் இந்த ஐம்பதுக்குத்தான், இருநூறுக்கு அல்ல. பேக்கேஜுக்கு 30,000 கட்டியிருந்தால் 600 பிரதி விற்ற பிறகுதான் போட்ட பணம் திரும்பும். அடுத்து, கூடுதல் பிரதி வேண்டுமென்றால் ‘ஆசிரியருக்கு 30 சதவீதத் தள்ளுபடி’ என்பார்கள். 80 ரூபாய்ப் பொருளை 140-க்கு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் வாசகரா, நீங்களா என்பது இங்கே வெளிச்சமாகிறது. ஜிஎஸ்டி பேக்கேஜ் தொகைக்குள்ளா வெளியேயா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். காசு கட்டுகிறவர் உரிமையையும் எழுதிக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. ‘ஆடியோ, மொழிபெயர்ப்பு, திரைப்படம் உள்ளிட்ட எல்லா உரிமையும்’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லூரி மாணவர்களைக் குறிவைக்கும் கூட்டுத் தொகுப்புகள் தனி ரகம். ஒரு கவிதைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ‘இணையாசிரியர்’ சான்றிதழ் தருகிறார்கள். அப்படி வரும் நூலைப் பெரும்பாலும் அதில் எழுதியவர்கள்தான் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தைப் பிள்ளைகளிடம் வாங்கக் கூடாது.

நூலுக்கு வேறொருவர் பணம் போடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கீழக்கரைச் சீதக்காதியும் ராமநாதபுரம் சேதுபதிகளும் புலவர்களைத் தாங்கினார்கள். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரும் அந்த வழிதான். அங்கே பணம் எழுதியவரை நோக்கி வந்தது. அதற்கு இன்றைக்குக் கிட்டத்தில் இருப்பது முன்வெளியீட்டுத் திட்டம். ஊர்க்காரர்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள், பள்ளித் தோழர்கள் என்று நூறு பேரிடம் சலுகை விலையில் முன்பணம் வாங்கினால் முதல் அச்சுச் செலவில் பெரும்பகுதி தேறிவிடும். நூறு பேர் சேராவிட்டால், ஐந்நூறு பிரதி அடிக்க வேண்டாம் என்பது அச்சுக்கு முன்பே தெரிந்துவிடும்.

பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். வடிவமைப்புத் தொடங்கும்போது ஒரு பங்கு, கடைசி மெய்ப்பில் நீங்கள் ஒப்பமிட்டதும் ஒரு பங்கு, மீதியைப் பிரதிகளை எண்ணிப் பார்த்த பிறகு. அச்சுக்குப் போன பிடிஎஃப், திருத்தக்கூடிய மூலக் கோப்பு, அட்டையின் மூலக் கோப்பு மூன்றும் பென்டிரைவில் வராமல் கடைசித் தவணை போகக் கூடாது. கோப்பு அவர்களிடமே இருந்துவிட்டால் மறுபதிப்புக்கும் அவர்களிடமேதான் போய் நிற்க வேண்டும்.