புள்ளியோடு இழப்பையும் எண்ணுவது: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சிங்கப்பூரில் பிரிட்ஜுக்கு வருகிற பலர் முதலில் ஆடிப் பழகியது ஃப்ளோட்டிங் பிரிட்ஜ். தொடக்கக் கல்லூரி கேன்டீனிலும் தேசிய சேவை முகாமிலும் நான்கு பேரும் ஒரு கட்டுச் சீட்டும் இருந்தால் நடப்பது அதுதான். அதில் நிலையான ஜோடி கிடையாது. ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார், அது யார் கையில் இருக்கிறதோ அவரே ரகசியக் கூட்டாளி. அதனால் ஏலம் என்பது தன் கையை மட்டும் பார்த்துத் துணிவது என்ற பழக்கம் ஊறிவிடுகிறது. எதிரே ஒரு கூட்டாளி கடைசிவரை உட்கார்ந்திருக்கும் கான்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு அந்தப் பழக்கத்தோடு வந்தால், ஏலம் ஒரு தகவல் என்பதே மறந்துபோகிறது.

ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1 என்ற புள்ளிக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். கட்டு முழுவதும் 40. இரு கையும் சேர்ந்து 25 வந்தால் 3 நோட்ரம்ப் (துருப்பு இல்லாத ஏலம்; சொல்லும் எண்ணோடு ஆறு கூட்டினால் எடுக்க வேண்டிய டிரிக்குகள், அதாவது சுற்றுகள்) கேட்கலாம், 33 வந்தால் சிறிய ஸ்லாம் (13-இல் 12 டிரிக்). நோட்ரம்ப் ஏலத்துக்கு இது போதும். துருப்புள்ள ஏலத்தில்தான் ஏமாற்றும். அங்கே கூடவே வைத்துக்கொள்ள வேண்டியது இழப்புக் கணக்கு.

எண்ணும் முறை: ஒவ்வொரு நிறத்திலும் (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப்) முதல் மூன்று சீட்டை மட்டும் பார்க்க வேண்டும். ஏஸ், ராஜா, ராணி இவற்றில் எது இல்லையோ அதற்கு ஒரு இழப்பு. இரண்டே சீட்டு உள்ள நிறத்தில் ஏஸும் ராஜாவும் மட்டும் கணக்கு. ஒற்றைச் சீட்டு ஏஸ் அல்ல என்றால் ஒன்று. நிறமே இல்லையென்றால் சுழியம். சாதாரணத் தொடக்கக் கையில் 7 இழப்பு இருக்கும். இருவர் இழப்பையும் கூட்டி 24-இலிருந்து கழித்தால் எத்தனை டிரிக் வரும் என்ற மதிப்பீடு கிடைக்கும். கூட்டாளி 1 ஸ்பேட் சொல்லி, உங்களிடம் ஸ்பேடில் துணைச் சீட்டுகள் இருந்தால், 9 இழப்புக்கு 2 ஸ்பேட், 8-க்கு 3, 7-க்கு 4. இருவருக்கும் சேர்த்து எட்டுத் துருப்பு இல்லாவிட்டால் இந்தக் கணக்கை எடுக்கவே கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் அடிக்கடி மீறுவது இந்த விதியைத்தான்.

ஒரு கையைப் பார்ப்போம். கூட்டாளி 1 ஸ்பேட் சொல்கிறார். உங்களிடம் ஸ்பேட் ராஜா 9 7 4, ஹார்ட் 5, டைமண்ட் ஏஸ் 8 6 3 2, கிளப் 9 6 4. புள்ளி 7 தான், 2 ஸ்பேடோடு நின்றுவிடத் தோன்றும். இழப்போ 2+1+2+3 ஆக 8, அதாவது 3 ஸ்பேட் அழைப்பு. கூட்டாளி கையில் ஸ்பேட் ஏஸ் ராணி 8 6 3, ஹார்ட் 9 7 4, டைமண்ட் ராஜா 5, கிளப் ஏஸ் 8 2 இருந்தால் 13 புள்ளி, 7 இழப்பு. மொத்தம் வெறும் 20 புள்ளி. ஆடிப் பாருங்கள்: ஒரு ஹார்ட்டை விட்டுக்கொடுத்து மற்ற இரண்டையும் டம்மியில் (மேசையில் விரித்து வைக்கும் உங்கள் கையில்) வெட்டினால் துருப்பில் 7, டைமண்டில் 2, கிளப்பில் 1. சீட்டு கோணலாகப் பிரியாவிட்டால் பத்து டிரிக். இழப்புக் கணக்குகூட 9 என்றுதான் சொன்னது.

இனி கூட்டாளி கையைக் கொஞ்சம் மாற்றுங்கள்: ஹார்ட் ராஜா ராணி 4, கிளப் 8 7 2, மற்றவை அப்படியே. புள்ளி 14, இழப்பு 6. கணக்குப்படி பத்து டிரிக். எதிரணி கிளப்பில் தொடங்கினால் மூன்று கிளப்பும் ஹார்ட் ஏஸும் போய்விடும், மிஞ்சுவது ஒன்பதுதான். ஏறிய புள்ளிகள் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே போய் முடங்கிவிட்டன. இழப்புக் கணக்கின் பெரிய ஓட்டை இது. ஒற்றை எந்த நிறத்தில் என்பதைச் சொல்கிற ஏலம் இல்லாமல் அதை அடைக்க முடியாது. பத்துப் புள்ளிக்கு மேல் இருந்தால் ஸ்ப்ளின்டர் (1 ஸ்பேடுக்கு 4 ஹார்ட்; ஸ்பேடில் துணையும் ஹார்டில் ஒற்றையும் உண்டு என்று சொல்லும் ஏலம்) அந்த வேலையைச் செய்யும். மேலே உள்ள 7 புள்ளிக் கைக்கு அது பொருந்தாது. வெறும் 3 ஸ்பேட் அழைப்பில் அந்தத் தகவல் ஏறுவதில்லை.

இன்னொரு குறை, ராணி 7 3-உம் ஏஸ் 7 3-உம் இரண்டு இழப்பு என்றே எண்ணப்படுகின்றன. ஏஸைவிட ராணி அதிகமுள்ள கையில் அரை இழப்பு கூட்டுவதும், மாறாக இருந்தால் அரை குறைப்பதும் நடைமுறையில் போதும். 4-3-3-3 கையில் ஒன்று கூட்டிவிடலாம். வெட்டுவதற்கு இடமே இல்லாத கை அது.

கணக்கு தெரிந்துவிட்டால் மட்டும் ஏலம் திருந்தாது, எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஒரு வரி: வல்நரபிளா (வென்றால் போனஸும் தோற்றால் தண்டமும் கூடும் நிலையா), எந்த இருக்கை, புள்ளி, இழப்பு, முடிந்த ஏலம், வந்த டிரிக். கடைசியில் ஒரு கட்டம், கூட்டாளி அந்த ஏலத்தை என்னவென்று புரிந்துகொண்டார் என்பதற்கு. நோட்டில் அதிகம் பயன்படுவது இந்தக் கட்டம்தான். கையை மதிப்பிட்டதில் பிழை, கூட்டாளியோடான ஏல உடன்பாடு புரியாத பிழை இரண்டும் அங்கே தனித்தனியாகத் தெரியும். இரண்டாவது வகைக்கு எந்தக் கணக்கும் மருந்தாகாது, பேசித்தான் தீர்க்க வேண்டும்.

4 ஸ்பேட் தோற்றது என்பதாலேயே அதைத் தவறென்று குறிக்காதீர்கள். அணி ஆட்டத்தில் வல்நரபிளாக இருந்து கேம் (பெரிய போனஸ் தரும் ஏலம், இங்கே 4 ஸ்பேட்) கேட்டு வென்றால் 620, கேட்காமல் விட்டால் 170. வித்தியாசம் 10 ஐஎம்பி (அணி ஆட்டத்தில் புள்ளி வித்தியாசத்தை மாற்றிக் கணக்கிடும் அலகு). ஒரு டிரிக்கில் தோற்றால் இழப்பு 6 ஐஎம்பி. ஆக 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே கேட்கலாம். வல்நரபிள் இல்லையென்றால் வென்றால் 6 ஐஎம்பி வரவு, தோற்றால் 5 இழப்பு, அங்கே 45 சதவீதம் வேண்டும். ஒரே ஒரு ஃபினஸை (எதிரணியின் உயர்ந்த சீட்டு சாதகமான பக்கத்தில் இருக்கும் என்று நம்பி ஆடுவது) நம்பிய கேம் 50 சதவீதம். அது தோற்றாலும் ஏலம் சரியே. மற்ற மேசைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் மேட்ச்பாயிண்ட் ஆட்டத்தில் இந்தச் சலுகை இல்லை, பாதிக்குப் பாதி வேண்டும்.

பயிற்சிக்கு பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற இணையதளத்தில் ஏலம் மட்டும் சொல்லிப் பழகும் மேசை வசதி. ஜோடியில் ஒருவர் ஜூரோங்கிலும் மற்றவர் பொங்கோலிலும் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் நிறையக் கைகள் பார்த்துவிடலாம். ஆட்டம் முடிந்தபின் காட்டும் டபுள் டம்மி விடையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு கையையும் பார்த்துவிட்டுச் சொல்லும் விடை அது, எதிரணியின் ஒற்றை ராஜாவைக்கூட ஏஸ் போட்டு விழுத்திவிடும். மனிதர் அப்படி ஆட மாட்டார்.

எதிரணி குறுக்கே வந்துவிட்டால் எண்ணியதை மறுபடி எண்ண வேண்டும். இடப்பக்கத்தவர் ஹார்ட் சொன்னபின் உங்கள் ஹார்ட் ராஜா 5 ஓர் இழப்பு அல்ல, இரண்டு. அதே ஏலம் வலப்பக்கத்திலிருந்து வந்தால் ஏஸ் பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் இருக்கும், ராஜா பிழைத்துக்கொள்வார்.