விண்டோஸ் 10-ஆ, 11-ஆ: இடது ஓரப் பட்டையை விட்டுப் பிரிந்த இரண்டரை வருடம்

போன வாரம் பழைய டெஸ்க்டாப்பை ரிப்பேரிலிருந்து எடுத்து வந்தேன். கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி போயிருந்தது, வேறொன்றும் இல்லை. மாற்றிக் கொடுத்த பையன், "இதுல பதினொன்னு ஏறாதுக்கா, எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். அன்று ராத்திரியே, கோர்ட் வாசலில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் தம்பி போன் செய்தான். "அக்கா, உங்ககிட்டதான் ரெண்டும் இருக்கு. நான் பத்துலயே இருக்கவா, பதினொன்னுக்குப் போயிடவா?" போனில் நாலு வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வேலை புத்தக லேஅவுட்டும் மெய்ப்புப் பார்ப்பதும். பழைய மெஷின் 2013-இல் விண்டோஸ் 7 உடன் வாங்கியது, மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 ப்ராசஸர். இலவசமாக 10-க்கு மாறலாம் என்று 2016 ஜூலை வரை காலம் கொடுத்திருந்தார்கள், அப்போது ஏற்றிக்கொண்டேன். 2023 ஜூனில் லேப்டாப் வாங்கினேன், அது 11-உடனே வந்தது. இரண்டரை வருடமாக இரண்டிலும் மாறி மாறி வேலை செய்கிறேன். மார்கழி முழுக்கப் புத்தகக் காட்சி வேலை. அந்த நெருக்கடியில் ஒரு கணினி கைக்கு எப்படி ஒத்து வருகிறது என்பது நன்றாகத் தெரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. லேப்டாப் பத்து விநாடியில் எழுந்து நிற்கிறது என்றால் அது அதிலிருக்கும் எஸ்எஸ்டியால். பழைய மெஷினிலும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போட்ட நாளிலிருந்து யாரையும் காக்க வைக்கவில்லை. பார்வைக்கு 11 அழகு. ஓரங்கள் உருண்டையாக, எழுத்து தெளிவாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். அதை ஒரு நிமிடத்தில் இடப்பக்கம் தள்ளிவிடலாம். எனக்கு அது குறையே இல்லை.

என் குறை டாஸ்க்பார், திறந்திருக்கும் ஜன்னல்களைக் காட்டும் பட்டை.

விண்டோஸ் 95 காலத்திலிருந்து அந்தப் பட்டையை மேலேயோ பக்கவாட்டிலோ எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம். 10-இலும் முடியும். நான் பல வருடமாக இடது ஓரத்தில், செங்குத்தாக வைத்திருந்தேன். 11 வந்தபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். என் லேப்டாப்பில் பட்டை கீழேதான். பக்கவாட்டுக்கு மாற்ற அதன் செட்டிங்ஸில் வழியே கிடையாது.

இது ஒரு பெரிய விஷயமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். எனக்குப் பெரிய விஷயம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

எழுத்தாளர் திருத்தம் அனுப்பினால் முதலில் அதை வேர்டில் ஏற்ற வேண்டும். வேர்டு ஒவ்வொரு கோப்பையும் தனித்தனி ஜன்னலாகத் திறக்கும். பன்னிரண்டு இயல், முன்னுரை, பொருளடக்கம், சொல்லடைவு என்று ஒரு புத்தகத்துக்குப் பதினைந்து ஜன்னல் சாதாரணம். தமிழில் கோப்புப் பெயர்கள் நீளமாகத்தான் இருக்கும். "கொங்கு நாட்டுக் கோயில்கள் - இயல் 7 - திருத்தம் 3" என்று ஒருவர் அனுப்புவார். பட்டை இடது ஓரத்தில் இருந்தால் அதைக் கொஞ்சம் அகலப்படுத்தி இழுத்து விடலாம். பதினைந்து பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக, பொருளடக்கம் மாதிரி நிற்கும். முழுப் பெயரும் தெரியும். கண் தானாக ஏழாவது வரிக்குப் போகும், கையும் பின்னாலேயே போகும்.

11-இல் என்ன ஆகிறது? நான் வாங்கிய புதிதில் பெயரே தெரியாது. பதினைந்து கோப்பும் ஒரே நீல வேர்டு சின்னத்துக்குள் அடைந்து கிடக்கும். சின்னத்தின் மேல் அம்புக்குறியை வைத்துக் காத்திருந்து, வரும் பட்டியலில் தேட வேண்டும். 2023 கடைசியில் வந்த அப்டேட்டில் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியைத் திரும்பக் கொடுத்தார்கள். நல்லது, நன்றி. ஆனால் கிடைமட்டப் பட்டையில் பதினைந்து பெயருக்கு இடமேது? ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு எழுத்துதான் கிடைக்கிறது. "கொங்கு நா…", "கொங்கு நா…", "கொங்கு நா…" என்று வரிசையாக நிற்கும். ஆல்ட்-டேப் போட்டால் பக்கங்களின் குட்டிப் படம் வரும். எல்லாப் பக்கத்திலும் இருப்பது எழுத்துதான், எது ஏழு எது எட்டு என்று படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

போன டிசம்பரில் இதில் ஒரு தவறு நடந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு, ஏழாம் இயலின் திருத்தங்களை முழுவதுமாக "திருத்தம் 2" கோப்பில் போட்டு முடித்துவிட்டேன். "திருத்தம் 3" பக்கத்திலேயே திறந்திருந்தது. சேமிக்கும்போது பெயரைப் பார்க்காதது என் தவறு, அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய மெஷினில் ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட இப்படி நடந்ததில்லை. இரண்டு கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிசெய்ய விடிந்துவிட்டது.

உயரக் கணக்கு ஒன்றும் உண்டு. லேப்டாப் திரை 1920-க்கு 1080 புள்ளி (பிக்சல்), எழுத்தையும் சின்னங்களையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு 125 சதவீதத்தில் இருக்கிறது. இந்த அமைப்பில் 11-இன் பட்டை 60 புள்ளி உயரத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான் பயன்படுத்தும் எழுத்தளவுக்கு அது இரண்டு வரி. திரைகள் எல்லாம் அகலமாகிக்கொண்டே போகின்றன, பக்கவாட்டில் இடம் சும்மா கிடக்கிறது. புத்தகப் பக்கமோ உயரமானது. அகலத்தில் மிச்சம் இருக்கும்போது உயரத்தில் கை வைப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பட்டையைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவர வெளியார் எழுதிய சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் காலையில் விண்டோஸ் அப்டேட் முடிந்து திறந்தால் பட்டையே வரவில்லை. அச்சகத்துக்குக் கோப்பு அனுப்ப வேண்டிய நாள். அன்றே அதை எடுத்துவிட்டேன், மறுபடி போடும் தைரியம் வரவில்லை. இப்போது கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். எண்ணை முன்னால் போட்டு "07-தி3-கொங்கு" என்று வைக்கிறேன். ஏழெட்டு எழுத்துக்குள் இயலும் திருத்தமும் தெரிந்துவிடும். 11 வைத்திருக்கும் லேஅவுட்காரர்கள் யாரும் இதைச் செய்யலாம், உதவும்.

சரி, இவ்வளவு திட்டிவிட்டேன். நியாயமாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

மேசையில் 24 அங்குல மானிட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். லேப்டாப்பை அதில் செருகினால் பெரிய திரையில் பக்கமும், சின்னத் திரையில் எழுத்தாளரின் கையெழுத்துத் திருத்த ஸ்கேனும், ஓரத்தில் அகராதியும் இருக்கும். மின்சாரம் போனால் கேபிளைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்போடு முற்றத்துக்குப் போய்விடுவேன். 10 ஏற்றிய வேறொரு லேப்டாப்பை இப்படிப் பயன்படுத்திய காலத்தில், திரும்பி வந்து செருகினால் எல்லா ஜன்னலும் சின்னத் திரையிலேயே குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாக இழுத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். 11-இல் முதல் தடவை கேபிளைச் செருகியபோது கையை மவுஸ் மேல் வைத்து இழுக்கத் தயாராக இருந்தேன். திரை ஒரு கணம் இருண்டது. அப்புறம் பக்கம் பெரிய திரைக்குப் போனது, அகராதி ஓரத்துக்குப் போனது, ஸ்கேன் இருந்த இடத்திலேயே நின்றது. நான் எழுந்து போனபோது மேசை எப்படி இருந்ததோ அப்படியே. யாரோ வீட்டில் எனக்காக எடுத்து வைத்த மாதிரி இருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில், பல திரைகளுக்கான பகுதியில் இதற்கு ஒரு சின்ன டிக் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டரை வருடத்தில் நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே 11-ஐ மதிக்கிறேன்.

தமிழ் தட்டச்சைப் பொறுத்தவரை இரண்டிலும் வித்தியாசம் இல்லை. தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் கூடவே வருகிறது, தமிழ் மொழியைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும், விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்துருவில்தான் ஒரு விஷயம் தெரியாமல் திண்டாடினேன். புது லேப்டாப்பில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். பழைய மெஷினில் 208 பக்கம், பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரம் என்ற கணக்கில் சரியாக 13 பாரம், அதை வைத்துத்தான் பதிப்பகத்துக்குச் செலவுக் கணக்கு கொடுத்திருந்தேன். இங்கே 190-க்கும் கீழே காட்டியது. காரணம், கோப்பு லதா எழுத்துருவில் இருந்தது, லேப்டாப்பில் லதா இல்லை. வேர்டு சத்தமில்லாமல் வேறொன்றைப் போட்டுக் காட்டியது. விண்டோஸ் 10 வந்தபோதே லதாவும் விஜயாவும் கூடுதல் பொட்டலத்துக்குப் போய்விட்டன. புதிதாக நிறுவினால் நிர்மலா மட்டும்தான் தமிழுக்கு. என் பழைய மெஷினில் லதா ஏற்கெனவே இருந்ததால் இது எனக்குத் தெரியவில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்று இருக்கும். இணையம் இருந்தால் இரண்டு நிமிட வேலை. பழைய கோப்புகளோடு புது மெஷினுக்குப் போகிறவர்கள் முதல் நாளே இதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

தம்பி, உன் மெஷின் ஆறாம் தலைமுறை ஐ5. 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெலில் அநேகமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், மெஷின் எழும்போதே கள்ள மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி வேண்டும். சுற்றுவழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், ஏறவும் ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பிழைப்பே அந்த ஒரு மெஷினில் நடக்கும்போது அது வேண்டாம். ஆக, உன் விஷயத்தில் 11-க்குப் போவது என்றால் புது மெஷின் வாங்குவது என்று அர்த்தம்.

10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முடிந்தது என்றால் மெஷின் நின்றுபோகாது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது நின்றுபோகும். உன் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் வருகிறது என்று எனக்குத் தெரியும். வக்கீல் ஆபீஸ், கல்லூரி, கல்யாணப் பத்திரிகை என்று ஊரில் உள்ள வைரஸ் எல்லாம் உன் மேசைக்கு வந்துதான் போகும். அதில் முக்கால்வாசி ஆதார் நகலும் பத்திர நகலும். அதனால் அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது சரியில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம், இஎஸ்யு என்பார்கள். அதில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், புது வசதி எதுவும் வராது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உன் செட்டிங்ஸை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லை. அப்படிச் சேமிக்கப் பிடிக்கவில்லை என்றால், கணக்கில் நுழைந்து ஒரே தடவை 30 டாலர் அளவுக்குக் கட்டலாம். பதிவதற்கு முன் வின்வெர் (winver) என்று ஓடவிட்டுப் பார், 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு தெரியும்.

இவ்வளவு தூரம் எழுதிய பிறகு, புதியதே மேல், கடன் வாங்கியாவது மாறிவிடு என்று சொல்வேன் என்று நினைத்திருப்பாய். சொல்ல மாட்டேன். 11 நல்லதுதான், பாதுகாப்பிலும் அதுதான் மேல், திரை விஷயத்தில் அதற்கு ஈடே இல்லை. இருந்தாலும் நீ பத்திலேயே இரு. இன்றைக்கே பதிவு செய், 2026 அக்டோபர் வரை நிம்மதியாக வேலை பார். ரேம் விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் புது மெஷின் வாங்க வேண்டாம். ஆடிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது என்னைக் கூப்பிடு, நானும் வருகிறேன்.

லேப்டாப்பை நேற்று மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த புத்தகம், கல்வெட்டுகளைப் பற்றியது, பதினான்கு இயல். பழைய மெஷினிலும் அந்த இஎஸ்யு பதிவைச் செய்து முடித்துவிட்டுத்தான் கோப்புகளை ஏற்றினேன். இடது ஓரத்தில் பதினான்கும் முழுப் பெயரோடு வரிசையாக நிற்கின்றன. மூன்றாம் இயலில் இருக்கிறேன்.