குவாங்சோவா, பாங்காக்கா, மும்பையா? ஒலித்துறைக் கண்காட்சிகள் குறித்து ஓர் ஒப்பீடு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஒலி ஒளி வாடகைத் தொழில் நடத்தும் நம்மவர்களில் பெரும்பாலோர், ஆண்டுக்கு ஒரு வெளிநாட்டுக் கண்காட்சிக்கு மேல் பணமும் நேரமும் ஒதுக்க இயலாதவர்கள். எனவே எந்தக் கண்காட்சி பெரியது என்பதைவிட, அது யாரை வாங்குபவராகக் கருதிக் கடை விரிக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளில் இத்துறையின் கண்காட்சிகள் ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கால்தான்.

1948இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஒலிப் பொறியியல் சங்கமான ஏ.இ.எஸ்.-இன் மாநாட்டில் ஒருபுறம் ஆய்வுரைகள் நடக்கும். மறுபுறம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான பெரிய மிக்சர்களும் நாடாக் கருவிகளும் விற்பனைக்கு நிற்கும். ஒரு காலத்தில் ஓர் அறை முழுவதையும் அடைத்த கருவிகளின் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டபோது, அவற்றை வாங்க வந்த பெரிய கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விற்பனைத் தளமும் சுருங்கியது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் அம்மாநாடு ஒளிபரப்புத் துறையின் கண்காட்சியோடு சேர்ந்து நடந்தது. பெருந்தொற்றின்போது இணையத்துக்குப் போனது. 2025இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்கு இடம் மாறியது. பிராங்பர்ட்டில் இசைக்கருவிகளுக்கான மியூசிக்மெஸ்ஸே நின்றேபோனது. அதிலிருந்து 1995இல் பிரிந்த, மேடை ஒலி ஒளிக் கருவிகளுக்கான புரோலைட் அண்ட் சவுண்டு இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் அனாஹைம் நகரில் நடக்கும் ‘நாம்’ (NAMM) என்னும் இசைக்கருவிக் கண்காட்சிக்கு 2020 ஜனவரியில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 2022 ஜூனில் அது மீண்டும் கூடியபோது அதில் பாதிப் பேர்கூட வரவில்லை.

இதற்கு நேர்மாறானது, கட்டடங்களில் திரையும் ஒலியும் பொருத்துவோருக்கான ஐ.எஸ்.இ. கண்காட்சி. 2004இல் ஜெனீவாவில் சிறிதாகத் தொடங்கி, ஆம்ஸ்டர்டாம் அரங்கங்கள் போதாமல் 2021இல் பார்சிலோனாவுக்கு மாறிய அக்கண்காட்சிக்கு 2025இல் 85,000 பேருக்கும் மேல் வந்தனர். அங்கே வாங்க வருபவர் ஒலிப்பதிவாளர் அல்லர். பல்கலைக்கழகம், நீதிமன்றம், விடுதி போன்ற கட்டடங்களுக்குத் திரை, கேமரா, ஒலிபெருக்கி அனைத்தையும் ஒரே டெண்டரில் எடுக்கும் ஒப்பந்ததாரர். அந்த டெண்டரில் ஒலி ஒரு வரியாகச் சுருங்கியிருப்பதும், திரைகளுக்கு நடுவே ஒலிபெருக்கியைத் தேட வேண்டியிருப்பதும் பழைய ஒலிக்காரர்களுக்கு உறுத்தலாக இருக்கலாம். ஆனால் பணம் அங்கேதான் இருக்கிறது. பார்சிலோனா வரை போய்வர ஆகும் செலவை வாடகைத் தொழிலில் ஈட்டுவது கடினம் என்பதால், நமக்கு மிஞ்சுபவை அருகிலுள்ள மூன்று நகரங்கள்.

வாங்கும் நோக்கம் உள்ளவருக்கு முதலாவது குவாங்சோ. பாசோவில் உள்ள மாபெரும் வளாகத்தில் நடக்கும் புரோலைட் அண்ட் சவுண்டு குவாங்சோவின் பலம், தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருப்பதுதான். மைக்ரோபோன் தயாரிப்புக்குப் பெயர்போன என்பிங் நகரம் அதே மாகாணத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து மலேசியர்கள் விசா இல்லாமல் சீனாவுக்குள் நுழைய முடிவதால், கண்காட்சியை முடித்துக்கொண்டு மறுநாளே ஆலைக்குப் போய் ஒலிபெருக்கிப் பெட்டி எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்துவரலாம். மேலும், அரங்குக்குள் நூறு கடைகளின் இரைச்சலில் எந்த ஒலிபெருக்கியையும் சரியாகக் கேட்க முடியாது. குவாங்சோவில் லைன் அரே எனப்படும், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஒலிபெருக்கி வரிசைகளைத் திறந்தவெளியில் தொங்கவிட்டு ஒலிக்கவைப்பதால் அக்குறை பெருமளவு தீர்கிறது.

ஆனால் அவர்கள் போட்டுக்காட்டும் பாட்டை நம்பி வாங்கக் கூடாது. அடித்தளத் துடிப்பும் மெல்லிய பெண் குரலும் மட்டும் உள்ள அத்தகைய ஒலிப்பதிவில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் ஒலிக்கும். உறுமி மேளமும் நாதஸ்வரமும் உள்ள பதிவு ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துச்சென்று, சத்தத்தைக் கூட்டிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்: நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி காதைக் குத்துகிறதா, உறுமியின் இழுப்பு, தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபரில் குழைந்துபோகிறதா என்பது சில நிமிடங்களில் விளங்கும். தைப்பூசத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடப்போகும் பெட்டிக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

கம்பியில்லா மைக்கைப் பொறுத்தவரை மலிவு விலை பெரிய பொறி. மலேசியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்த அலைவரிசையில் இயங்கும் மைக்கையோ, தரச்சான்று நிறுவனமான சிரிமின் சான்று பெறாத மைக்கையோ பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தால், முதலில் சுங்கத்திலும், பிறகு மண்டபத்திலும் சிக்கல்தான்.

பாங்காக்கில் 2019இல் தொடங்கிய இன்ஃபோகாம், ஐ.எஸ்.இ.யின் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.ஆர்.டி. நிலையத்தை ஒட்டிய குயின் சிரிகிட் மண்டபத்தில் நடப்பதால் அலைச்சல் குறைவு. விலையைப் பேரம் பேசிச் சரக்கெடுக்கும் இடமாக அதை எண்ணிச் செல்பவர் ஏமாறுவார். கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி, திருமண மண்டபம் ஆகியவற்றில் நிலையான ஒலியமைப்பு செய்துதரும் வேலைக்கு மாற நினைப்பவருக்கோ குவாங்சோவைவிட இதுவே ஏற்றது என்பது என் கருத்து. கருங்கல்லும் சலவைக்கல்லும் எதிரொலிக்கும் மண்டபத்தில் அர்ச்சகரின் சொல் புரியாமல் போவதற்குச் சத்தம் போதாமை காரணமன்று. ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதே காரணம். அங்கே பெட்டிகளை அடுக்குவதைவிட, ஒலியை மக்கள் இருக்கும் உயரத்துக்கு மட்டும் அனுப்பும் மெலிந்த தூண்வடிவ ஒலிபெருக்கிகளைத் தேர்ந்தெடுக்கவும், ஒலியைக் கணினி வலையமைப்பு வழியே அனுப்பும் டான்டே போன்ற முறைகளைக் கற்கவும் இத்தகைய கண்காட்சியின் வகுப்புகள் உதவும்.

மும்பை கோரேகாவில் நடக்கும் ஒலி ஒளிக் கண்காட்சியான பாம் எக்ஸ்போ, மனத்துக்கு நெருக்கமானது. சரக்கு வாங்குவதற்கு அவ்வளவாக ஏற்றதன்று. வெயில், ஜெனரேட்டர் மின்சாரம், திறந்த மைதானம், அளவற்ற கூட்டம் என்று நம்முடைய நிலைமைகளையே அறிந்தவர்களோடு பேசலாம். திரைப்பட ஒலிப்பதிவாளர்களும் வருவதால், சிறிய ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் மலேசியத் தமிழ்க் கலைஞருக்கு ஏ.இ.எஸ். கொடுத்திருக்கக்கூடிய பயனில் ஒரு பகுதியை அது தருகிறது. வாங்கிய பிறகு உதிரி பாகத்துக்கு யாரிடம் போவது என்ற கேள்விக்கு மட்டும் நல்ல விடை கிடைப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் இதுவும் குவாங்சோவும் மே மாத இறுதியை ஒட்டியே நடப்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்பதும் வெறும் ஆசையே.

சிங்கப்பூரின் பிராட்காஸ்ட் ஏசியா இப்போது ஏசியா டெக் என்னும் பெரிய தொழில்நுட்ப விழாவின் ஒரு பகுதி. ஒளிபரப்பில் இருப்பவர்களுக்கன்றி மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

இவை அனைத்துக்கும் உண்மையான போட்டி, கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இறக்குமதியாளர்கள் நடத்தும் செயல்விளக்க நாள்கள்தாம். அங்கே ஒரு நிறுவனத்தின் பொருளை மட்டுமே காட்டுவார்கள் என்பது உண்மை. ஆனால் பெட்டியை உங்கள் மிக்சரோடு இணைத்துக் கேட்கலாம், பழுதானால் யார் பொறுப்பு என்று நேரில் கேட்கலாம், சிரிம் சான்றையும் கையோடு பார்த்துவிடலாம். ஓராண்டில் இரண்டு மூன்று பெட்டிகள் மட்டும் வாங்குபவர் குவாங்சோவுக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. கொள்கலன் பிடிக்கும் அளவுக்கு, நான்கைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து வாங்கினால்தான் அந்தப் பயணத்தின் கணக்கு நேராகும்.