உயரமான ஆள், குட்டி ஹாட் ராட்: எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது

ஹாட் ராட் என்றால் பழைய வண்டியைத் தாழ்த்தி, எஞ்சின் மாற்றித் தன் ரசனைக்குத் திருத்திக் கட்டியது. என் உயரம் 6 அடி 3 அங்குலம். சேனல் செய்த, அதாவது பாடியை ஃப்ரேமின் மேல் இறக்கித் தாழ்த்திய, ஒரு ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டரில் (நிலையான கூரை இல்லாத வண்டி) முதல் தடவை உட்கார்ந்தபோது இரண்டு முழங்காலும் ஸ்டீயரிங்குக்கு இரு பக்கமும் தூக்கி நின்றன, வலது பாதம் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒன்றாக மிதித்தது, கண்ணுக்கு நேர் எதிரே விண்ட்ஷீல்டின் மேல் சட்டம். பத்து நிமிடம்கூட ஓட்டவில்லை, இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து இந்த ஒரு விஷயத்தைத்தான் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: நெடிய ஆள் ஒருவர் இந்தச் சின்ன வண்டிகளில் வலி இல்லாமல் உட்கார எந்த மாற்றம் உண்மையில் உதவும், எது உதவுவதுபோலத் தெரிந்து இடத்தைத் தின்னும்.

முதலில் வண்டிகளின் அளவைப் பார்த்துவிடலாம். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) 100 அங்குலம். 1928 முதல் 1931 வரையிலான மாடல் ஏ 103.5. எல்லாரும் ஆசைப்படும் 1932 ஃபோர்டு 106. அடுத்து வந்த 1933, 1934 மாடல்கள் 112. இவை ஏற்கெனவே ஒடுக்கமான வண்டிகள். இதற்குமேல் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் உலர் ஏரிப் படுகைகளில் பந்தயம் ஓட்டிய பையன்கள் காற்று எதிர்ப்பைக் குறைக்க இவற்றை இன்னும் தாழ்த்தினார்கள், இன்னும் குறுக்கினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது சில மைல் நேர்க்கோட்டு ஓட்டம். அந்தத் தோற்றம்தான் இன்றைக்கும் நமக்குப் பிடிக்கிறது, ஆனால் நாம் அதே வண்டியில் நெடுஞ்சாலையில் நாள் முழுக்கப் போக நினைக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'உயரம்' என்று பொதுவாகச் சொல்வதை நிறுத்துங்கள். சுவரை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று அளவு எடுங்கள்: முதுகிலிருந்து முழங்கால் முனை வரை, முழங்காலிலிருந்து குதிகால் வரை, உட்காரும் இடத்திலிருந்து உச்சந்தலை வரை. முதல் அளவு டேஷ்போர்டோடும் ஸ்டீயரிங்கோடும் மோதும். இரண்டாவது தரையோடு மோதும். மூன்றாவது கூரையோடோ விண்ட்ஷீல்டு சட்டத்தோடோ மோதும். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு உடம்பு நீளமாக இருக்கும். முதல் ஆளுக்குச் சரியான வண்டி இரண்டாவது ஆளுக்குத் தண்டனை. எனக்குக் கால்தான் நீளம், அதனால் கீழே நான் சொல்வதில் கால் பக்கச் சாய்வு கொஞ்சம் இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சரி, எந்த பாடி? டி-பக்கெட், அதாவது வாளிபோலத் திறந்த மாடல் டி பாடி, பார்க்க அழகு, ஆனால் நெடிய ஆளுக்கு அதைவிட மோசமான தேர்வு எனக்குத் தெரியவில்லை. பக்கெட் ஆழம் குறைவு, சீட்டுக்குப் பின்னால் நேராகச் சுவர், போதாக்குறைக்கு அமெரிக்காவில் தயாரான பழைய திறந்த மாடல் டி-களில் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் பக்கம் கதவே கிடையாது, வெறும் கதவு வடிவம்தான் பதித்திருப்பார்கள். உள்ளே ஏறுவதே ஒரு வேலை. டி-பக்கெட்தான் வேண்டுமென்று மனம் அடம்பிடித்தால் நீட்டி வார்த்த ஃபைபர்கிளாஸ் பாடியைத் தேடுங்கள், அசல் அளவில் வேண்டாம்.

மூடிய கேப் (ஓட்டுநர் அறை) உள்ள மாடல் ஏ பிக்கப் அடுத்த பொறி. தலைக்கு மேல் தாராளமாக இடம் இருக்கும், உட்கார்ந்து பார்த்தால் நிம்மதியாகத் தோன்றும், ஆனால் முதுகுக்குப் பின்னால் கேப்பின் தகடு. சீட்டைப் பின்னால் தள்ள ஒரு அங்குலம்கூடக் கிடைக்காது. கேப்பையே நாலைந்து அங்குலம் நீட்டி வெல்டிங் செய்பவர்கள் உண்டு, செய்தால் அருமையாக இருக்கும், ஆனால் கூரை, பின் சுவர், சில சமயம் கதவு என்று வேலை எங்கெங்கோ போகும்.

இரண்டு கதவும் மூடிய கூரையும் உள்ள கூபே இதைவிட மேல். மாடல் ஏ கூபேயில் சீட்டுக்குப் பின்னால் பார்சல் தட்டும் அதற்கப்புறம் டிக்கியும் இருக்கின்றன. தட்டை எடுத்துவிட்டு சீட்டின் முதுகை டிக்கிப் பக்கம் தள்ளினால் காலுக்கு நல்ல இடம் கிடைக்கும். ரோட்ஸ்டரிலும் இதையே செய்யலாம், ஆனால் சீட்டுக்குப் பின்னால் பாடியை இறுக்கிப் பிடிக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று இருக்கும், அதை அறுத்துப் போட்டுவிட்டு அப்படியே விடக்கூடாது. பின்னால் தள்ளி வேறொரு சட்டம் போடாவிட்டால் கதவு இடைவெளிகள் ஆடத் தொடங்கும், பிறகு கதவு ஒழுங்காகச் சாத்தாது.

யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத, ஆனால் என் கணக்கில் முதலிடம் பிடிக்கும் பாடி ஒன்று இருக்கிறது: இரண்டு கதவு டியூடர் செடான். பின் சீட்டுக்கென்று ஒதுக்கிய இடம் முழுவதும் உங்களுடையது. முன் சீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் கொண்டுபோகலாம், கூரையும் உயரம். ஒரே வரம்பு கதவின் பின் தூண்தான். சீட் அதைத் தாண்டிப் போனால் இறங்கும்போது இடுப்பை முன்னால் நகர்த்திவிட்டுத்தான் காலை வெளியே போட முடியும். கூபேதான் கம்பீரம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை கூரை வெட்டாத டியூடரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

1932-க்கும் 1933-34க்கும் இடையே எது? தோற்றத்தில் 1932-க்கு நிகர் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னது வீல்பேஸில் 6 அங்குலம் அதிகம், அந்த நீளத்தால் எஞ்சினையும் கால் இடத்தையும் பிரித்து வைக்கக் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு: 1933-34 ஃப்ரேமின் நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டம் போகிறது, பிறகு நான் சொல்லப்போகும் தரை இறக்கும் வேலைக்கு அது குறுக்கே நிற்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே ஆசை. அதற்கு இரண்டு வழி. ஒன்று, பாடியைத் தாழ்த்துவது: தரையை அறுத்து, பாடியை ஃப்ரேம் ரெயில்களின் (அடிச்சட்டத்தின் நீளவாட்டு இரும்புகள்) மேல் 4 முதல் 6 அங்குலம் இறக்கி உட்கார வைப்பது, இதுதான் சேனலிங். இரண்டாவது, ஃப்ரேமைத் தாழ்த்துவது: பின்பக்க ரெயிலை வெட்டி இசட் வடிவத்தில் தூக்கி வெல்டிங் செய்வது, முன்னால் 4 அங்குலம் வளைந்த டிராப் ஆக்ஸில் போடுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தோற்றம். உள்ளே உட்கார்ந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சேனலிங் செய்யும்போது பாடி கீழே வருகிறது, தரை இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதாவது பாடிக்குள் தரை 4 அங்குலம் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். கால் மடங்காமல் நேராக நீட்டிக்கிடக்கும், டேஷ்போர்டு முழங்காலை நோக்கி இறங்கி வரும். இசட் செய்த ஃப்ரேமில் பாடியின் உள் அளவில் பெரிதாக எதுவும் மாறாது, பின் ரெயில் தூக்கிய இடத்தில் மட்டும் கொஞ்சம் தரை போகும், அது பெரும்பாலும் சீட்டுக்குப் பின்னால்தான். இந்த ஒப்பீட்டில் எனக்குத் தயக்கமே இல்லை: 6 அடிக்கு மேல் இருப்பவர் சேனல் செய்த வண்டியை வாங்கக்கூடாது, தன் வண்டியைச் சேனல் செய்யவும் கூடாது.

கூரையைக் குறைக்கும் 'சாப்' வேலையைப் பற்றிச் சுருக்கமாக. கால் நீளமான ஆளுக்கு 2 அங்குலம் தாங்கும். உடம்பு நீளமான ஆளுக்கு எதுவும் தாங்காது.

அடுத்தது சீட். எல்லாரும் முதலில் கை வைப்பது இங்கேதான், காரணம் இது மலிவு, வெல்டிங் வேண்டாம். ஸ்பிரிங் வைத்த பழைய சீட்டைத் தூக்கிவிட்டு இரண்டு மூன்று அங்குல அடர்த்தியான ஃபோம் போட்டால் தலைக்கு இடம் கிடைக்கும். இரண்டாம் உலகப் போர் விமானங்களிலிருந்து வந்த அலுமினிய பாம்பர் சீட்டுகளை இதற்காகத்தான் பலர் போடுகிறார்கள், மெலிந்தவை, அழகும்கூட. ஆனால் ஒன்றை யோசியுங்கள்: இடுப்பு 2 அங்குலம் இறங்கியது, பெடல் அதே இடத்தில், தரை அதே இடத்தில். அப்படியானால் முழங்கால் எங்கே போகும்? மேலே. தொடை சீட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், உடம்பின் பாரம் முழுவதும் வால் எலும்பில் விழும், ஒரு மணி நேரத்தில் மரத்துப் போகும். சீட்டை மட்டும் இறக்குவது தலைப் பிரச்சினையைத் தீர்த்துக் கால் பிரச்சினையைப் பெரிதாக்கும்.

இதற்கு மாற்று, தரையை இறக்குவது. ஃப்ரேம் ரெயிலுக்கும் டிரான்ஸ்மிஷன் டனலுக்கும் (கியர் பெட்டியை மூடும் தரை மேடு) நடுவே உள்ள பகுதியை வெட்டியெடுத்து, ஒரு தட்டுபோல் கீழே இறக்கி வெல்டிங் செய்கிறார்கள். ரெயில் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வரை இறங்கலாம், ரெயிலின் அடிப்பகுதிக்குக் கீழே மட்டும் எதுவும் தொங்கக்கூடாது. குதிகால் இறங்கினால் முழங்காலும் இறங்கும், தொடை மறுபடியும் சீட்டில் படியும், அப்போதுதான் சீட்டையும் தாழ்த்தலாம். எக்ஸாஸ்ட் குழாய், பிரேக் லைன் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும் என்பதால் அவற்றை மாற்றிப் போட வேண்டும், தரைக்கு வெப்பத் தடுப்பும் வேண்டும். சிரமம்தான், ஆனால் இந்த வேலைக்குக் கிடைக்கும் பலன் வேறு எதற்கும் இல்லை. அதோடு சீட்டின் முதுகைச் சாய்ப்பது. பழைய வண்டிகளில் அது தேவாலய பெஞ்சுபோல் நிமிர்ந்து நிற்கும். 20 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் தலையும் இறங்கும், முதுகும் நிம்மதியடையும். கை எட்டாமல் போகும் என்பதால் ஸ்டீயரிங் காலத்தை (வளையத்தைத் தாங்கும் தண்டு) நீட்டவேண்டியிருக்கும்.

எஞ்சின் பக்கம் போனால், சிறிய பிளாக் ஷெவ்ரோலே வி8-இல் டிஸ்ட்ரிப்யூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பின்னால் இருக்கிறது. அதற்கு இடம் விட ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) உள்ளே குழித்துவிடுவார்கள், அந்தக் குழி வந்து விழுவது உங்கள் பாதங்கள் இருக்கும் பகுதியில். ஃபோர்டு 302 வி8-இல் டிஸ்ட்ரிப்யூட்டர் முன்னால், ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8-இலும் அப்படித்தான், ஆகவே ஃபயர்வாலை ஒட்டி உட்காரும். 302-க்கு முன்பக்கம் வாட்டர் பம்ப் பகுதி நீளம், ரேடியேட்டர் பக்கம் நெருக்கும். ஆனாலும் நெருக்கடி ரேடியேட்டருக்குத்தானே, காலுக்கு இல்லையே. ஷெவ்ரோலேதான் கையில் இருக்கிறது என்றால் 1968 வரை வந்த குட்டை வாட்டர் பம்பைப் போட்டு எஞ்சினை முன்னால் நகர்த்துங்கள், ஃபயர்வாலைத் தட்டையாகவே விடுங்கள்.

மாடல் ஏ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் பெட்ரோல் டாங்க் டேஷ்போர்டுக்கு முன்னால், முழங்காலுக்கு மேலேயே இருக்கிறது, கௌலின் (விண்ட்ஷீல்டுக்கு முன்னால் உள்ள பாடிப் பகுதி) மேல் தகடே டாங்கின் மேல் தகடுதான். அதன் அடிப்பகுதியை வெட்டியெடுத்து மேல் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு, டாங்கைப் பின்னால் கொண்டுபோனால் முழங்காலுக்கும் ஸ்டீயரிங் காலத்துக்கும் இடம் திறக்கும். மடிக்கு மேல் பெட்ரோல் இருப்பதும் நிற்கும். பழைய டாங்கில் வெட்டும்முன் உள்ளே ஆவி துளியும் இல்லாதபடி கழுவி உறுதி செய்ய வேண்டும், இதில் அவசரம் உயிரைக் கேட்கும். இந்த வேலை தெரிந்தவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பெடல் விஷயத்தில் தரைக்கு அடியிலிருந்து வருபவையா, டேஷ்போர்டுக்குக் கீழே தொங்குபவையா என்று கேட்டால், பெரிய பாதத்துக்கு நான் அடியிலிருந்து வருபவற்றையே சொல்வேன். தொங்கும் பெடலின் பிராக்கெட் கணுக்காலுக்கு மேலே காலில் இடிக்கும், ஷூ நுனியும் மாட்டும். தரையை இறக்கியிருந்தால் பெடல் கம்பியை நீட்ட வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளச் இருக்கும் வண்டியில் இடது முழங்காலை ஒவ்வொரு கியருக்கும் தூக்க வேண்டும், அது ஸ்டீயரிங் விளிம்பில் இடிக்கும். ஆட்டோமேட்டிக்கில் இடது கால் நீட்டிப் படுக்கும், ஆனால் அதன் பெரிய கூடு டனலைப் பருக்கவைத்து வலது பாதத்தை நெருக்கும். எனக்கு மேனுவல்தான் உயிர் என்பதால் டி5 போன்ற மெலிந்த ஐந்து கியர் பெட்டிக்கு என் ஓட்டு, நாள் முழுக்க ஓட்டுபவருக்கு ஆட்டோமேட்டிக். ஸ்டீயரிங் வளையத்தை 17 அங்குலத்திலிருந்து 15-க்குக் குறைத்தால் தொடைக்கு ஒரு அங்குலம் கிடைக்கும். 13-க்குப் போனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை நிறுத்தும் இடத்தில் திருப்பத் தோள் வலிக்கும். சாய்வை மாற்றக்கூடிய டில்ட் காலம் இந்த இரண்டையும்விட நல்லது, ஏறி இறங்கவும் உதவும்.

ரோட்ஸ்டர்காரர்கள் ஒன்றைத் தள்ளிப்போடக்கூடாது. உங்கள் தலை விண்ட்ஷீல்டு சட்டத்துக்கு மேலே தெரிந்தால், வண்டி புரண்டால் முதலில் தரையைத் தொடுவது அதுதான். சீட்டின் முதுகு தோளுக்குக் கீழே முடிந்தால் பின்னாலிருந்து ஒரு இடி வந்தாலே கழுத்து மடங்கும். தோள் பெல்ட்டைத் தரையில் மாட்டினால் இடிக்கும்போது அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். தோள் மட்டத்தில் பலமான சட்டத்தில் மாட்ட வேண்டும். முன்பு சொன்ன அந்தப் பின் குறுக்குச் சட்டத்தைப் புதிதாகப் போடும்போதே அதை இதற்கும் சேர்த்துக் கட்டிவிடலாம்.

அப்புறம், எதையும் வெட்டும்முன் பிளைவுட் பலகையில் தரையும், ஒரு பெட்டியில் சீட்டும், மரக்கட்டையில் பெடலும் வைத்து பாடிக்குள் மாதிரி செய்யுங்கள். வழக்கமாகப் போடும் ஷூவோடு உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கையில் வளையத்தைப் பிடித்து, அரை மணி நேரம் இறங்காமல் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாமே சரியாக இருக்கும். இருபதாவது நிமிடத்தில் எங்கே கை போய்த் தேய்க்கிறதோ அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள், வெட்டுவதை அங்கிருந்து தொடங்கலாம்.