10 கி.மீ. பந்தயத்துக்கு 18 கி.மீ. ஓட வைக்கும் பயிற்சிக் குழு: சேரலாமா?

பெங்களூரில் பொங்கல் முடிந்ததும் 10கே, அதாவது 10 கி.மீ. ஓட்டத்துக்கான பயிற்சிக் குழுக்களில் ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 2008-ல் தொடங்கிய வேர்ல்ட் 10கே பந்தயம் சமீப வருடங்களில் ஏப்ரல் கடைசி வாக்கில் நடக்கிறது, மூன்று மாதம் கையில் இருந்தால் போதும் என்பது கணக்கு. நானும் என் அண்ணியும் அப்படி ஒரு குழுவில் சேர்ந்து சீசன் முழுக்க ஓடினோம். குழுவின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, நடத்துகிறவர்கள் மேல் எனக்கு மரியாதையும் இருக்கிறது. தவிர நான் பேசப்போவது ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம் பற்றித்தான், அது இந்த ஊரில் பல குழுக்களிலும் உண்டு. பந்தயமே 10 கிலோமீட்டர்தான், அப்புறம் எதற்கு 18 ஓட வேண்டும் என்ற கேள்வி எங்கே சேர்ந்தாலும் வரும்.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதம் 2,500 ரூபாய். வாரத்தில் நாலு நாள், காலை ஐந்தரைக்கு. செவ்வாய் டிராக்கில் இன்டர்வல் (வேகமாக ஓடி, நடுவே இளைப்பாறி, மறுபடி ஓடுவது), வியாழன் அல்சூர் ஏரியைச் சுற்றி டெம்போ (சற்றுக் கடினமான ஒரே வேகத்தில் ஓடுவது), சனி சின்னதாக ஒரு ஈஸி ரன் (மெது ஓட்டம்), ஞாயிறு கப்பன் பார்க்கில் லாங் ரன். கப்பன் பார்க்கைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு, காலை 8 மணி வரை வண்டிகளை உள்ளே விடுவதில்லை, நிழல் இருக்கிறது, களைத்தவர்கள் எந்த வளைவில் நின்றாலும் தேடிப் பிடித்துவிடலாம். இதே தூரத்தை எம்.ஜி. ரோடு, கமர்ஷியல் ஸ்ட்ரீட் என்று தெருவில் ஓட வைத்தால் பெயர்ந்து கிடக்கும் நடைபாதைக் கல்லையும் நாயையும் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியதுதான்.

கோச் ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் (எம்.இ.ஜி.) ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர், சர்வீஸ் முடிந்தும் அல்சூரிலேயே தங்கிவிட்டார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் ஒரே கண்டிப்போடு பேசுவார். செவ்வாய்க்கிழமை இன்டர்வலுக்காக மட்டுமே இந்தக் குழுவில் சேரலாம் என்று தைரியமாகச் சொல்வேன். யார் முதல் சுற்றிலேயே வேகமாகப் போய்விட்டார்கள், யாருக்குத் தோள் இறுகுகிறது, யார் காலை ரொம்ப முன்னால் நீட்டி வைக்கிறார்கள், எல்லாம் கவனித்து அந்த இடத்திலேயே சொல்லித் திருத்துவார். இருபது பேரை வைத்துக்கொண்டு ஒருத்தர் இவ்வளவு பார்ப்பது பெரிய விஷயம். போன் ஆப்பில் இலவசத் திட்டங்கள் எத்தனையோ கிடைக்கின்றன, ஆனால் இதை எந்த ஆப்பும் செய்யாது.

சரி, லாங் ரன்னுக்கு வருவோம். முதல் வாரம் 10 கி.மீ.யில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டிக்கொண்டே போய், பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் 18-ல் நிற்கிறது. குறைந்த தூரப் பந்தயத்துக்கு இது வீண் என்று நினைக்கிறவர்கள் குழுவுக்குள்ளேயே இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 10 கி.மீ. ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனை வைத்துத்தான் உடம்பு தயாரிக்கிறது, 5 கி.மீ.க்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். அதாவது 'குட்டி ரேஸ்' என்று நாம் சொல்வதெல்லாம் உடம்பைப் பொறுத்தவரை நீண்ட தூர ஓட்டம்தான். அந்த ஆக்சிஜன் வேலையை நன்றாகச் செய்ய தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருக வேண்டும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதிகமாக வேண்டும், இரண்டுக்கும் மெதுவாக, நிறுத்தாமல், நேரம் எடுத்து ஓடுவது நல்ல வழி. இன்னொன்றும் நடக்கிறது. ஒரு மணி நேரம் தாண்டி ஓடும்போது வழக்கமாக வேலை செய்யும் மெதுவான தசை இழைகள் களைத்துப்போக, மெது ஓட்டத்தில் சும்மா இருக்கும் வேகமான இழைகளில் ஒரு பகுதியும் வேலைக்கு வந்து தாக்குப்பிடிக்கப் பழகுகிறது. பந்தயத்தில் எட்டாவது கிலோமீட்டரில் கால் கனக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

மாஸ்டர் இதையெல்லாம் இப்படி விளக்க மாட்டார், அவர் பீட்டர் ஸ்னெல் கதையைச் சொல்வார். கதை உண்மைதான், நானும் அதன் ரசிகன். நியூசிலாந்துக் கோச் ஆர்தர் லிடியார்ட் தன் ஓட்டக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆக்லாந்துக்கு மேற்கே இருக்கும் மலைப்பாதையில் 35 கி.மீ. ஓட வைத்தார், மாரத்தான்காரர்களை மட்டும் அல்ல, 800 மீட்டர் ஓடுகிற ஸ்னெல்லையும். ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார், அதே நாளில் லிடியார்டின் இன்னொரு சிஷ்யர் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கினார். 1961 டிசம்பரில் ஒரு முழு மாரத்தானையே ஓடி முடித்த ஸ்னெல், 1962 பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச்சில் புல் டிராக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 44.3 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகாத பந்தயம் அது! 1964 டோக்கியோவில் 800, 1,500 இரண்டிலும் தங்கம். நீண்ட ஓட்டம் வேகத்தைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் இந்தக் கதையில் மாஸ்டர் ஒரு எண்ணை விட்டுவிடுகிறார், என் புகார் முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது. லிடியார்டின் ஆட்கள் வாரத்துக்கு 160 கி.மீ. ஓடினார்கள். அந்த 35 அதில் 22 சதவீதம், கால் பங்குகூட இல்லை. எங்கள் குழுவில் செவ்வாய் 7, வியாழன் 8, சனி 5, ஞாயிறு 18, மொத்தம் 38 கி.மீ. இதில் லாங் ரன் மட்டும் 47 சதவீதம். கிட்டத்தட்ட பாதி வாரத்தை ஒரே காலையில் கொட்டிவிட்டு மீதியை மூன்று நாளுக்குப் பிரித்துக் கொடுப்பது லிடியார்ட் முறை ஆகாது. அமெரிக்கக் கோச் ஜாக் டேனியல்ஸ் சொல்லும் அளவு, லாங் ரன் வார மொத்தத்தில் 25 முதல் 30 சதவீதம் அல்லது 150 நிமிடம், எது குறைவோ அது. வாரத்தில் மூன்று நாலு நாள் மட்டும் ஓடுகிறவர்களால் அதை அச்சுப் பிசகாமல் பின்பற்ற முடியாது, மூன்று நாளைச் சமமாகப் பிரித்தாலே ஒரு நாளுக்கு 33 சதவீதம் வந்துவிடும். அதனால் மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடினாலும் தப்பில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவுக்கு அது 13, மிஞ்சிப்போனால் 14 கி.மீ. பதினெட்டுக்கு ஆசைப்பட்டால் முதலில் வார மொத்தத்தைக் கூட்ட வேண்டும், புதன்கிழமை மெதுவாக ஒரு 8 கி.மீ. சேர்த்தாலே நிலைமை மாறும்.

இதைவிடப் பெரிய குறை, எல்லாருக்கும் ஒரே தூரம் கொடுப்பது. என் ஈஸி பேஸ், அதாவது மெது ஓட்ட வேகம், கிலோமீட்டருக்கு ஐந்தேகால் நிமிடம், 18 கி.மீ.யை ஒரு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு இட்லி காபிக்குப் போய்விடுவேன். அண்ணிக்கு எட்டரை நிமிட பேஸ், அவருக்கு அதே 18 இரண்டரை மணி நேரத்துக்கு மேல். தூரம் ஒன்று, பயிற்சி ஒன்றே அல்ல. உடம்புக்குக் கிலோமீட்டர் தெரியாது, எவ்வளவு நேரம் காலில் நின்றோம், எத்தனை முறை பாதம் தரையில் அடித்தது என்பதுதான் தெரியும். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும், அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறது. அண்ணிக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தது. வலியைவிட எனக்கு வருத்தம், ஞாயிற்றுக்கிழமை களைப்பு செவ்வாய் வரை போகாமல் அவர் இன்டர்வலை வாரா வாரம் தவறவிட வேண்டியிருந்ததுதான். 10 கி.மீ.யில் நேரத்தைக் குறைக்கப்போவது இன்டர்வலும் டெம்போவும். அவற்றைத் தின்றுவிட்டுப் போகிற லாங் ரன் எதற்கு?

அண்ணியே ஒருநாள் கேட்டுப் பார்த்தார், "மாஸ்டர், நான் ஒன்றரை மணி நேரத்தோட நிறுத்திக்கட்டுமா?" அவர் அன்பாகத்தான் சொன்னார், "நடந்தாவது முடிச்சிடுங்கம்மா, 18 முடிச்சவங்களுக்கு 10 ஒண்ணுமே இல்லைன்னு மனசுக்குத் தெம்பு வரும்." அந்தத் தெம்பு பொய் இல்லை. முதல் தடவை 10 ஓடப்போகிறவர்களுக்கு அதைத் தாண்டி ஒருமுறை ஓடிப் பார்ப்பது பெரிய நம்பிக்கை தரும். ஆனால் அதற்கு 11, 12 கி.மீ. போதும். அண்ணியின் பேஸில் ஒன்றரை மணி நேரம் என்றால் பத்தரை கி.மீ. வரும், அதுவே அவருக்கு முழுமையான லாங் ரன்.

இன்னொரு சின்ன விஷயம், ஜெல், ஓட்டத்துக்கு நடுவே சக்திக்காக விழுங்கும் சர்க்கரைப் பசை. ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில் ஜெல் பாக்கெட் வாங்கச் சொல்கிறார்கள், காசு தனி. தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு சாதாரணமாக ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்குத் தாங்கும், மெதுவாகப் போனால் இன்னும் கொஞ்சம். 10 கி.மீ. பந்தயத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது தீராது. அதனால் ஜெல்லுக்கு வயிற்றைப் பழக்க வேண்டிய தேவையும் இல்லை. தண்ணீர் போதும், மார்ச் தாண்டி வெயில் ஏறினால் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ். வாங்கச் சொன்னால் தைரியமாக வேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் சேரலாம்? ஏற்கெனவே வாரத்துக்கு 40 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டிருந்து, ஆறு நிமிட பேஸுக்குள் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம், அந்த 18 உங்களுக்கு நல்லதே செய்யும். ஹாஃப் மாரத்தான் அடுத்து பண்ணலாம் என்ற எண்ணம் இருந்தால் இன்னும் நல்லது. ஏழரை நிமிடத்துக்கு மேல் ஆகிறவர்கள், புதிதாக ஓட ஆரம்பித்தவர்கள், ஐம்பது வயதைத் தாண்டி இப்போதுதான் ஷூ வாங்கியவர்கள், சேரும் முன்னாலேயே மாஸ்டரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை தூரத்துக்குப் பதில் நேரம் வைத்து ஓடுவேன் என்று சொல்லிவிடுங்கள். 75-ல் ஆரம்பித்து 90 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் போங்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். எங்கள் குழுவில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமையைப் பந்தயமாக ஆக்கிவிடுகிறார்கள், வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து ஓடுகிறார்கள், அதை மாஸ்டர் இன்னும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

சீசன் முடிந்த பிறகு இந்த 160 கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். அடுத்த பேட்ச்சில் ஞாயிற்றுக்கிழமையை இரண்டு பிரிவாக வைத்து, ஒன்றை நேரக் கணக்கில் நடத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். செய்தால் அண்ணிக்கும் சேர்த்து நானே பணம் கட்டுகிறேன். செய்யவில்லை என்றால் நான் மட்டும் தொடர்வேன், அண்ணி செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவதற்குப் பாதிக் கட்டணம் வாங்குவார்களா என்று கேட்கப்போகிறேன்.